கொக்கிப் பலகை

எங்கள் தெருவில் சாவியைத் தொலைக்காத வீடு கிடையாது. அடுக்குமாடி என்றால் அப்படித்தான். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், சாவி உள்ளே மேசைமேல் கிடக்கும், ஆள் வெளியே குப்பைக் கூடையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார். அதனால் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வேலையாக உபரியாக ஒரு சாவி வெட்டி, வெட்டிய கடையிலேயே அதை விட்டுவிட்டுப் போவது எங்கள் தெரு வழக்கம். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. கூடப்பிறந்தவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பவர்கள்கூட, சாவிக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போவார்கள்.

அவர் கடையை நான் கடை என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு துணி அலமாரியைப் படுக்கவைத்தால் வரும் அளவுதான். ஒரு பக்கம் மாடிப்படி, இன்னொரு பக்கம் என் கடை. நான் பேன்ட் நீளம் குறைப்பவள், ஜிப் மாற்றுபவள், இடுப்பு பெருத்தவர்களின் துணியில் தையலைப் பிரித்து அவர்களின் மானத்தைக் காப்பாற்றுபவள். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகைதான் சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் ஊசிப்பெட்டி ஆடும்.

அதே பலகையில்தான், அவர் பக்கத்தில், வரிசை வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு சாவி. பெயர் கிடையாது, எண் கிடையாது, கலர் நூல்கூடக் கிடையாது.

"ஒரு அடையாளம் கட்டி வைக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் எழுதினா திருடனுக்கு வேலை மிச்சம்க்கா. எனக்குப் பல்லைப் பார்த்தாலே தெரியும்" என்றார். சாவியில் வெட்டியிருக்கும் மேடு பள்ளத்தைத்தான் பல் என்பார். ஆளைப் பார்த்து முகம் மறந்தாலும் மறப்பாரே தவிர, அவர்கள் வீட்டுச் சாவியின் பல் அவருக்கு மறக்காது.

நெட்டையான மனிதர், கொஞ்சம் கூன். கைகள் லேசாக நடுங்கும். முழங்கையை, சாவியைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கிக் கட்டையில் ஊன்றி, நடுக்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுப்பார். "டீயைக் குறைங்க சாவிக்காரரே" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொல்வார்கள். சிரித்துக்கொள்வார். காலையில் தெருவே விழித்து வேலைக்குப் போன பிறகுதான் கடை திறப்பார், அப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் வருவார். "கும்பகர்ணனுக்குத் தம்பி" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அதற்கும் சிரிப்புதான்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தும். ஊர்ச் சாவியெல்லாம் அவரிடம் தொங்கியது. அவர் சாவி மட்டும் யாரிடமும் கிடையாது. ஒரு நிமிடம் படியோரம் போய் வருவதற்குக்கூடக் கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். "பக்கத்துல நான்தான் இருக்கேனே, பாத்துக்க மாட்டேனா?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் சம்சாரமும் அப்படியே. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. நல்ல பெண்தான், ஆனால் வீட்டு வாசலில் நின்றே பேசி அனுப்பிவிடும், உள்ளே வாருங்கள் என்று ஒரு நாளும் சொல்லாது. மாதத்தில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்கேயோ போய்வரும். கேட்டால் அம்மா வீடு என்னும். இப்படி மாதம் தவறாமல் அம்மா வீட்டுக்குப் போகிற பெண் உலகத்தில் உண்டா என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

பிரச்சினை தெருக்கோடி வீட்டில் ஆரம்பித்தது. பல் டாக்டர் ஒருவர் காலி செய்துவிட்டுப் போன வீடு. அதை ஒரு சின்ன அமைப்பு வாடகைக்கு எடுத்தது. மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்து, போக வீடில்லாதவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து தங்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ராத்திரியில் சத்தம் போடுவார்கள், கல்லெடுத்து அடிப்பார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று. இதில் ஒருவர்கூட அப்படி ஒரு ஆளோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது கிடையாது. நானும்தான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். மேனேஜர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். நல்லவர், ஆனால் எதிலும் தன் பேச்சுதான் நிற்கவேண்டும். கார் நிறுத்துகிற இடத் தகராறு வரும்போதெல்லாம் சொல்வார்: "நான் எங்க வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளை. எதையும் யார்கூடவும் பங்கு போட்டுப் பழக்கமில்ல." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை.

அவர்தான் கூட்டம் போட்டார். அடுக்குமாடிக்குக் கீழே கார்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சாவிக்காரர் கடைசியில் ஒரு தூணோரம் நின்றார். அடுத்த தூணில் அவர் சம்சாரம்.

"இவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"எப்படி சார் தெரியும்?" என்று மூன்றாம் மாடி டீச்சர் கேட்டார்.

"தெரியும்னா தெரியும்." அவர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "நல்லாப் பேசிக்கிட்டே இருப்பாங்க. எப்ப என்ன செய்வாங்கன்னு சொல்ல முடியாது. ஒரு வீட்டையே ஆட்டி வெச்சிருவாங்க. நாளைக்கு அவங்க சாமான் செட்டோட வர்றாங்களாம். அதுக்கு முன்னாடி அந்தக் கேட்டுக்கு நாம ஒரு பூட்டுப் போட்டிருவோம். மத்தது அப்புறம் பேசிக்கலாம்." தூணோரம் பார்த்தார். "என்ன சாவிக்காரரே, இருக்கறதுலயே கெட்டியான பூட்டாப் போடுங்க. தெருவோட பாதுகாப்பே உங்க கையிலதான் இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். சாவிக்காரர் தூணைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். அவர் சம்சாரம் அவரையே பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டியது. அப்போது அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"போடலாம் சார்" என்றார். "போட்டதும் நான் எந்தப் பக்கம் நிக்கணும்? பூட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் தமாஷாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எனக்கும் அந்த நோய்தான் சார். கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தது. யாருமே பேசாதப்ப எனக்குப் பேச்சு கேக்கும். திட்டும், மிரட்டும். ஆஸ்பத்திரியில பூட்டின வார்டுல இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் மாத்திரை சாப்பிடறேன். இந்தக் கை நடுங்கறது அதனாலதான், டீயால இல்ல. காலையில எழுந்திரிக்க முடியாததும் அதனாலதான். நடுவுல ஒருதடவை திரும்பி வந்துச்சு. ஊர்ல கல்யாணம், ஒரு மாசம் வரமாட்டாருன்னு என் சம்சாரம் உங்ககிட்ட சொன்னதே, அப்பதான். அப்பவும் உங்க சாவியெல்லாம் பூட்டின கடைக்குள்ள பத்திரமாத்தான் தொங்கிச்சு." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "உங்க எல்லார் வீட்டுச் சாவியும் எங்கிட்டதான் இருக்கு. ஒரு வீட்டுல ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்கா? அந்த வீட்டுக்கு வர்றவங்க வேற ஜாதி இல்ல சார். நான்தான்."

 எங்கேயோ ஒரு காரின் அலாரம் கத்தி ஓய்ந்தது. அவர் சம்சாரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. அன்று பூட்டுப் போட யாரும் போகவில்லை. பயந்து வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் பலகைக்கு அந்தப் பக்கம் சம்சாரத்தின் குரல் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பலகையின் தடிமனை வந்து பார்க்கட்டும்.

"ஊருக்கு நியாயம் சொல்ல நீங்க யாரு? இத்தனை வருஷம் கட்டிக் காத்தேனே. பக்கத்துல மருந்துக்கடை இருந்தும் ரெண்டு பஸ் மாறிப் போய் மாத்திரை வாங்கினேனே, எதுக்கு? ஒருத்தரை வீட்டுக்குள்ள கூப்பிடாம இருந்தேனே, எதுக்கு?"

"உன்னை ரெண்டு பஸ் மாற வெச்சேனே, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார் அவர்.

அதற்கப்புறம் அந்தப் பெண் அழுதது. என் காலால் தையல் மெஷினை வேகமாக மிதித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தன் சாவியைத் திருப்பி வாங்க முதலில் வந்தவர் மேனேஜர். காரணம் எதுவும் சொல்லாமல் கையை நீட்டினார். சாவிக்காரர் எழுந்து, பலகையில் தேடாமல் நேராக ஒரு கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேனேஜராவது பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டால் தெருவே ஊரைக் காலி செய்து போகிறதோ என்று தோன்றும். ஒருவருக்கு மைத்துனர் வருகிறார், ஒருவர் வெளியூர் போகிறார், ஒருவர் வீட்டிலிருந்த சாவியைக் குழந்தை எங்கேயோ போட்டுவிட்டது. சாவிக்காரர் எல்லோருக்கும் தலையாட்டினார். ஒருவர் சாவியையும் மாற்றிக் கொடுக்கவில்லை. வாரம் முடியும்போது பலகையில் கொக்கிகள்தான் மிச்சம்.

இரண்டே இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற காது கேட்காத பெரியவருடையது. கூட்டத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. விஷயத்தைப் பிறகு எழுதிக் காட்டினார்களாம், "அதுக்கென்ன, எனக்குச் சர்க்கரை இருக்கே" என்றாராம். இன்னொன்று என்னுடையது. என்னை யாரும் பெரிய மனது படைத்தவள் என்று நினைக்க வேண்டாம். என் ஷட்டர் வாரம் ஒருமுறை முரண்டு பிடிக்கும், அதை அவரைத் தவிர யாராலும் தூக்க முடியாது. எனக்கும் பயம் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டால் என் காது தானாகக் கூர்மையாகும். முந்தின வாரம் வரை அதே சத்தத்தில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். பழகினால் பயம் போகும் என்பார்கள். நாங்கள் வருஷக்கணக்காக அவரோடு பழகினோம். ஆனால் அவர் அதை மறைத்துவைத்திருந்தவரை, அந்தப் பழக்கம் அந்த நோய்க்காரர்களுக்கு ஒரு காசு பெறவில்லை. அவர் நல்லவர், அவர்கள் பைத்தியங்கள் என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவைத்திருந்தோம். அவர் வாய் திறந்ததும், பெட்டியைத் திறந்து அவரையும் அந்தப் பக்கம் தூக்கிப் போட்டோம்.

பெரிய மார்க்கெட்டில் போய்ப் புதுப் பூட்டு வாங்கி மாட்டியவர்களும் உண்டு. அதில் ஒரு அம்மாவின் பூட்டு மழை ஈரத்தில் இறுகிக்கொண்டு, அடுப்பில் பால் காயும்போது அவர் வெளியே மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் சாவிக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் போய்த் திறந்து, அடுப்பை அணைத்து, பூட்டைக் கழற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஆயிரம் நன்றி சொன்னார்கள். சரி, இனி எல்லாம் மாறிவிடும் என்று நான் நினைத்தேன். மறுநாள் அதே அம்மா அவர் கடையைத் தாண்டும்போது குழந்தையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார்.

தெருக்கோடி வீட்டில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கதவுக்குப் பூட்டு மாட்டிக் கொடுத்தவர் சாவிக்காரர்தான். வெளியிலிருந்து பூட்டுகிற மாதிரி அமைப்பு வேண்டாம், உள்ளேயிருந்து எப்போதும் திறக்கவேண்டும், ஆளுக்கொரு சாவி தரவேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர் ஒன்றை அடித்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தது. நாற்பது வயது இருக்கும். பாவாடை நீளம் குறைக்கவேண்டும். அது படியேறுவதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தது. அளவெடுத்தேன், மடித்தேன், தைத்தேன். நூலை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினால் காணோம். டிராயரில் பார்த்தேன், துணிக்கு அடியில் பார்த்தேன். எங்கே ஒளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பாவாடையை வாங்கி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீங்க உட்கார்ந்திருக்கீங்கக்கா, மேலயே" என்றது. எழுந்து பார்த்தேன், நாற்காலி மெத்தைக்கு அடியில் இருந்தது. எனக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் சிரித்தது. அப்புறம் அடிக்கடி வரும். எனக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கும். சில நாள் ஒரு வார்த்தை பேசாது, முகம் இறுகியிருக்கும், சரி இன்றைக்கு அதற்கு நாள் சரியில்லை என்று விட்டுவிடுவேன். எனக்கும் அப்படி நாட்கள் உண்டு, அன்று வாடிக்கையாளர்கள்தான் பாவம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மெஷின் விஷயம்.

சாவி வெட்டுகிற மெஷினின் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி பழக்கம். பித்தளையைக் கடிக்கும்போது கரகரவென்று அடித்தொண்டையில் கத்தும். கடிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா ஓடினால் ஒரே சீராக ரீங்காரம் போடும். ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் மாடி டீச்சர் வந்து ஒரு சாவியை நீட்டினார். மெஷின் ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, ரீங்காரம் மட்டும்தான். ஒரு சாவிக்கு இவ்வளவு நேரமா என்று நான் எட்டிப் பார்த்தேன். சாவிக்காரர் குனிந்திருந்தார், டீச்சர் அவர் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகும்போது கொண்டுவந்த சாவியை அவரே எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்.

"என்ன, அவ்வளவு கஷ்டமான சாவியா?" என்றேன்.

"சாவி வெட்டலக்கா. அவங்களுக்குக் கொஞ்சம் சத்தம் தேவைப்பட்டுச்சு" என்றார். "பேசணும், ஆனா தெருவுல காது அதிகம்."

"என்ன பேசினாங்க?"

"வீட்டுச் சாவியைக் கொடுத்தவங்க வீட்டு விஷயத்தை வெளிய சொல்ற பழக்கம் எனக்கு இல்லக்கா."

நறுக்கென்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

டீச்சருக்கு அப்புறம் மருந்துக்கடைக்காரர் வந்தார். அப்புறம் அந்தப் பூட்டு இறுகிய வீட்டு அம்மா, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். எல்லோர் கையிலும் ஒரு சாவி இருக்கும், யாருக்கும் சாவி தேவையிருக்காது. சிலர் ஒருமுறை வந்து பேசிவிட்டு, பிறகு அவரைப் பார்க்காத மாதிரி போனார்கள். சிலர் வரவே இல்லை, இன்றுவரை இல்லை. ஆனால் மெஷின் சும்மா ஓடுகிற மத்தியானங்கள் அதிகமாயின. துணி தைக்க வந்தபோது அவர்களே என்னிடம் வாய்விட்டதில்தான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அத்தையோ, மகனோ, புருஷனோ, இல்லை அவர்களேயோ இந்த நோயோடு இருந்தார்கள். இத்தனை பேருக்குள் இது இருந்ததா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அத்தனை பேரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவைத்திருக்கிறார்கள். பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவிகள் தலைகாட்டின.

மேனேஜர் மட்டும் வரவில்லை. அந்தக் கடையைத் தாண்டும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போவார். யாரிடமும் பேசுகிற மாதிரி தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி வற்றியிருந்தது. பேன்ட் தொளதொளவென்று இருந்தது, இடுப்பைப் பிடித்துத் தைக்கவேண்டும் என்று என் புத்தி தொழிலில் போனது.

"ஒரு டூப்ளிகேட் போடணும்" என்று சாவியை நீட்டினார்.

சாவிக்காரர் எதுவும் கேட்கவில்லை. சாவியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, மெஷினைப் போட்டார். ரீங்காரம். நான் ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நேரம் போனது. மேனேஜர் பேசவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படியில் இரண்டு பெண்கள் காய்கறிப் பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்றார்.

"நிறுத்துங்க" என்றார் மேனேஜர். சாவிக்காரருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "மெஷினை நிறுத்துங்க சாவிக்காரரே."

சத்தம் அடங்கியது. தெருவில் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று நின்ற பிறகுதான் தெரிந்தது. படியில் நின்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார் மேனேஜர்.

கூட்டத்தில் பேசுகிற அந்தக் கணீர்க் குரல் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரல்தான்.

"காலேஜ் போற வயசுல அவனுக்கு வந்துச்சு. வீட்டுல சாமானெல்லாம் ஒடச்சான், அம்மாவை ஒரு நாள் தள்ளிவிட்டுட்டான். எங்க அப்பா கொண்டுபோய் ஒரு இடத்துல விட்டாரு. யாராவது கேட்டா ஒத்தைப் பிள்ளைன்னு சொல்லுடான்னாரு. அப்பா போயும் வருஷமாச்சு. அதுக்கப்புறம் யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." சாவிக்காரரின் மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாசா மாசம் அந்த இடத்துக்கு அனுப்பவேண்டியதை அனுப்பிடுவேன். போனது கிடையாது. இப்ப அந்த இடத்தை மூடறாங்களாம், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன் பண்றாங்க. எங்க கூட்டிட்டுப் போவேன்? நம்ம தெருக்கோடி வீட்டுல... எனக்குக் கேக்க வாய் இல்ல. இருந்தாலும் கேக்கறேன். அங்க அவனுக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

உனக்கு நல்லா வேணும் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டுக்குப் பூட்டுப் போடச் சொன்ன வாய்தானே அது. ஆனால் மேசையைப் பிடித்திருந்த அந்தக் கை சாவிக்காரர் கையைவிட அதிகமாக நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கேட்டுப் பாப்போம் சார்" என்றார் சாவிக்காரர். "தம்பியைப் பத்தி விசாரிப்பாங்க. என்ன சாப்பிடுவாரு, எதுல பிரியம், எதுக்குப் பயப்படுவாருன்னு. முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அவருக்கு என்ன பிடிக்கும்?"

மேனேஜர் வாயைத் திறந்தார். யோசித்தார். மறுபடி யோசித்தார்.

"சைக்கிள் மணியை அடிச்சுக்கிட்டே இருப்பான். சின்னப் பிள்ளையில" என்றார். "இப்ப... எனக்குத் தெரியலையே. என் தம்பிக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலையே."

அவர் அழுததை அந்தத் தெருவில் அன்றுதான் பார்த்தோம். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாவிக்காரர் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப வாங்க சார், தம்பிகிட்டயே போய்க் கேட்டுட்டு வருவோம்."

"நாமளா?"

"நானும் வர்றேன். அந்த மாதிரி இடத்துக்குள்ள முதல்தடவை போறப்ப கால் வராது. கூட ஆள் இருந்தா நல்லது."

மேசைமேல் கிடந்த மேனேஜரின் சாவியை எடுத்து, அது முன்பு தொங்கிய அதே கொக்கியில் மாட்டினார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். மேனேஜர் முன்னால் நடந்தார். சாவிக்காரர் இரண்டடி போனவர் நின்று, திரும்பி என் கடைக்கு வந்தார். இடுப்பிலிருந்து சாவியை உருவினார்.

"அக்கா, வர நேரமாகும் போலிருக்கு. என் ராத்திரி மாத்திரை உள்ள டிராயர்ல இருக்கு. சம்சாரம் வந்தா திறந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரிப்பா" என்றேன். 

இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி என் உள்ளங்கையில் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. என் கடையில் கொக்கி கிடையாது. ஒரு ஆணியைத் தேடி எடுத்து, பலகையில் என் பக்கத்தில் அடித்து, அதில் அதை மாட்டிவைத்தேன்.